கேட்பதற்கு அஞ்சாத இடம்: ரொறன்ரோத் தமிழரின் புதுத் தொழில் முயற்சிகளும் அறிவுத் தேடலும், 1983–2013

1. முன்னுரை

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஈழத்தமிழர் நிறுவிய தொழில் முயற்சிகள் பற்றிப் பேசப்படும்போது ஒரு விளக்கம் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. தமிழர் தம் உறவினரையும் ஊரவரையும் நம்பித் தொழில் தொடங்கினர். அது அவர்களின் பண்பாட்டு இயல்பு என்பதே அவ்விளக்கம். அதன் முற்பாதி பெருமளவுக்கு உண்மை. பிற்பாதி ஆராயப்பட வேண்டியது. ஒரே கிராமத்திலிருந்து புறப்பட்ட இருவருள் ஒருவர் ஜேர்மனியிலும் மற்றவர் கனடாவிலும் தொழில் தொடங்க முயன்றால், இருவரும் வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு செய்திகளைக் கேட்டறிய வேண்டியிருந்தது. அவர்களின் பண்பாடு ஒன்றே. வேறுபட்டவை அவர்கள் வந்து சேர்ந்த நாடுகளின் சட்டம், உரிமமுறை, வங்கி, நகராட்சி, ஆட்சிமொழி ஆகியவை. இவற்றின் தொகுதியே இங்கு நிறுவனச் சூழல் எனப்படுகின்றது.

1983 முதல் 2013 வரையான முப்பது ஆண்டுகளில் இச்சூழல் ரொறன்ரோத் தமிழரின் அறிவுத் தேடலை எவ்வாறு உருவாக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. புதிதாகத் தொழில் தொடங்குவோர் அறிவு மிகுந்த இடத்தை நோக்கி முதலில் செல்வதில்லை; கேட்பதால் தமக்குத் தீங்கு நேராத இடத்தையே நாடுகின்றனர். அந்த இடம் எது என்பதைத் தீர்மானிப்பது நிறுவனச் சூழல். இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

2. கோட்பாட்டுப் பின்னணி

புதிய அமைப்புகள் பழையவற்றைவிட விரைவில் அழிவது ஏன் என்ற வினாவை ஆதர் ஸ்டின்ச்கோம் 1965இல் எழுப்பினார். புதிய பொறுப்புகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதும், முன்பின் அறியாதவரோடு நம்பிக்கையை வளர்க்க வேண்டியிருப்பதும் அதற்குக் காரணங்கள் என அவர் கண்டார். நெருங்கிய உறவுகளுக்குள் ஒரே செய்தியே சுற்றி வரும் என்றும், மேலோட்டமான அறிமுகங்களே புதிய செய்தியைக் கொண்டு வரும் என்றும் மார்க் கிரனோவெட்டர் 1973இல் காட்டினார். நிச்சயமின்மை மிகும்போது நிறுவனங்கள் ஒன்றையொன்று பார்த்து ஒழுகும் என்பது போல் டிமாஜியோ, வோல்ட்டர் பவல் ஆகியோர் 1983இல் வெளியிட்ட கட்டுரையின் கருத்துகளுள் ஒன்று. குடியேறியோரின் தொழிலை அவர்களின் சமூக வலையை மட்டும் கொண்டு விளக்க இயலாது. வரவேற்கும் நாட்டின் ஒழுங்குவிதிகளையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்று ரொபேர்ட் குளூஸ்டர்மன், யான் ராத் முதலியோர் 1999இல் வலியுறுத்தினர்.

இவ்வாய்வுகள் அறிவைத் தேடுவோரின் அச்சத்தைத் தனியே எடுத்துப் பேசவில்லை. ரொறன்ரோத் தமிழரின் வரலாறு அவ்விடத்தில் ஒரு சேர்க்கையைச் செய்யக்கூடியது.

3. தாயகத்தில் கற்ற பாடம்

யாழ்ப்பாணச் சமூகம் அரசு அலுவலகத்தை அறியாத சமூகம் அன்று. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று, இலங்கையிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் பணியாற்றியோர் பல தலைமுறையினர். கோப்பும் சுற்றறிக்கையும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆகவே, எழுத்துவழிப்பட்ட நிர்வாக அறிவைத் தமிழர் இயல்பாகவே தவிர்த்தனர் என்று கூறுதல் பொருந்தாது.

அரசோடு அவர்கள் கொண்டிருந்த உறவே மாறியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கியபோது, விண்ணப்பப் படிவமே பலருக்கு அந்நியமாயிற்று. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வடபகுதியின் மிளகாய், வெங்காயப் பயிர்ச்செய்கையாளர் நல்ல வருவாய் பெற்றனர். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை அந்த வாய்ப்பைச் சுருக்கியது. ஓர் அரசு ஆணை ஒரு தொழிலை உயர்த்தவும் வீழ்த்தவும் வல்லது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தனர். தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்தோர் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளில் அதைவிடக் கொடிய பாடத்தைக் கற்றனர். கடையின் முகவரியும் உரிமையாளரின் பெயரும் பதிவேட்டில் இருப்பது பாதுகாப்பன்று, ஆபத்தாகவும் முடியலாம் என்பதே அது.

இத்தகைய சூழலில் தொழில் அறிவு ஊருக்குள்ளும் உறவுக்குள்ளும் ஒதுங்கியதில் வியப்பில்லை. சீட்டுகளை ஒழுங்குபடுத்த 1935ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனினும் ஊர்ச் சீட்டுகள் பெரும்பாலும் அறிமுகத்தின் பேரிலேயே நடந்தன. யார் தவணை தவறாதவர், யார் குடும்பம் நெருக்கடியில் உள்ளது என்ற செய்திகளெல்லாம் சீட்டைப் பிடிக்கும் தாச்சியின் நினைவில் இருந்தன. இது பண்பாட்டுப் பழக்கமாகத் தோன்றினாலும், நம்பத்தகாத நிறுவனங்களுக்கு எதிரான தற்காப்பாகவும் அமைந்தது.

4. வந்து சேர்ந்த நகரம்

1983 யூலைக்குப் பின் கனேடிய அரசு இலங்கையருக்கெனச் சிறப்பு ஏற்பாடுகளைச் செய்தது. அகதிக் கோரிக்கையாளருக்கு நேர்முக விசாரணை பெறும் உரிமை உண்டு என்று கனேடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 1986 ஆகத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டனர். 1989இல் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. 1988இன் பன்முகப் பண்பாட்டுச் சட்டம் குடியேறியோர் தம் மொழியையும் அமைப்புகளையும் பேணுவதற்கு அரசின் ஏற்பை அளித்தது.

தொடக்கத்தில் சென். ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்புகளிலும், வெலஸ்லி–பார்லிமென்ற் வீதிகளின் சுற்றாடலிலும் குடியேறிய தமிழர், பின்னர் கிழக்கே ஸ்காபரோவுக்குப் பரவினர். தாயகத்தில் பெற்ற பட்டமும் பதவியும் பலருக்கு இங்கே பயன்படவில்லை. தொழில் வழங்குநர் வேண்டியது 'கனேடிய அனுபவம்'. அவ்வாறு கேட்பது மனித உரிமைகளுக்குத் தடையாகலாம் என்ற கொள்கையை ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு வெளியிட்டது 2013இல்தான். இடைப்பட்ட காலத்தில் பொறியியலாளரும் ஆசிரியரும் கணக்காளரும் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் பணியாற்றினர். சொந்தத் தொழில் சிலருக்கு விருப்பம், பலருக்கு மாற்றுவழி.

கடை திறக்க விரும்பியவர் அறிய வேண்டியவை மிகப் பல. கட்டட வாடகை ஒப்பந்தம், நிலப் பயன்பாட்டு விதி, நகராட்சி உரிமம், தீத்தடுப்பு, உணவுச் சுகாதாரம், தொழிலாளர் சட்டம், வரி ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்துக்கு உரியது. 1991 சனவரி 1 முதல் 7 விழுக்காடு பொருள், சேவை வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்பனை 30,000 டொலருக்குக் குறைந்த சிறுதொழில்கள் பதிவு செய்யத் தேவையில்லை என்ற விலக்கும் அதனோடு வந்தது. பதிவு செய்வதா, பொறுத்திருப்பதா என்பதே அறிவு வேண்டிய முடிவாயிற்று. 1998 சனவரி 1இல் ஸ்காபரோ உள்ளிட்ட ஆறு நகராட்சிகள் ஒரே ரொறன்ரோ மாநகரமாக இணைக்கப்பட்டன. ஆனால் பழைய நகராட்சிகளின் நிலப் பயன்பாட்டு விதிகள் உடனே மறையவில்லை. அவற்றை ஒன்றிணைக்கும் முயற்சி 2013ஆம் ஆண்டின் துணைவிதி வழியாகவே நிறைவை நெருங்கியது. ஒரு வீதியில் பொருந்திய அனுபவம் மறுவீதியில் பொருந்தாமற் போகக்கூடிய நிலை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது.

இச்செய்திகள் அனைத்தும் அரசு அலுவலகங்களில் இலவசமாகக் கிடைத்தன. ஆயினும் குடிவரவு நிலை முடிவாகாத ஒருவருக்கு அரசு அலுவலகம் என்பது பிரிக்கப்படாத ஒரே உருவம். உணவுப் பரிசோதகரிடம் கேட்ட கேள்வி குடிவரவு அதிகாரியின் கோப்புக்குப் போய்ச் சேருமோ என்ற ஐயம், தாயகத்தில் கற்ற பாடத்தின் தொடர்ச்சி. விதியைக் கற்பிப்பவரே தண்டம் விதிப்பவராகவும் இருந்தது அவ்வையத்தை வலுப்படுத்தியது.

5. இடைநின்றோர்

அலுவலகத்துக்கும் தொழில் தொடங்குவோருக்கும் இடையே தோன்றியவர்கள் தமிழ்க் கணக்காளர், வீடு விற்பனை முகவர், காப்புறுதி முகவர், அடமானக் கடன் முகவர், சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர் ஆகியோர். ஒன்ராறியோவில் இவர்களுட் பலர் உரிமம் பெற்றே இயங்க முடியும். அதற்கு ஆங்கிலத்தில் பாடநெறி முடித்துத் தேர்வெழுத வேண்டும். எனவே அரசின் உரிமமுறை தமிழ்ச் சமூகத்துக்குள் ஒரு புதிய படிநிலையை உருவாக்கியது. விதியை ஆங்கிலத்தில் கற்று அதைத் தமிழில் விளக்க வல்லவர்கள் அவர்கள். ஊர்ப் பெரியவரின் செல்வாக்கு வயதினாலும் குடும்பத்தினாலும் வந்தது. இவர்களுடைய செல்வாக்கு சுவரில் மாட்டிய சான்றிதழினால் வந்தது.

கிரனோவெட்டரின் சொற்களஞ்சியத்தில் இவர்கள் மேலோட்டமான அறிமுகங்கள் அல்லர், நெருங்கிய உறவினரும் அல்லர். பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் சந்திக்கக்கூடிய, அதே வேளையில் வங்கி முகாமையாளரோடும் பேசக்கூடிய இடைநிலையினர். கனேடிய தமிழர் வர்த்தக சம்மேளனம் 1991இல் நிறுவப்பட்டபோது அத்தகைய தொடர்புகளுக்கு ஓர் அமைப்பு வடிவமும் கிடைத்தது.

இவ்வேற்பாட்டின் குறையும் அதன் அமைப்பிலேயே இருந்தது. அறிவுரை இலவசம்; முகவரின் வருவாய் விற்பனைத் தரகில். கட்டடம் வாங்கினால்தான் வருவாய் பெறுபவரிடம், வாங்கலாமா எனக் கேட்பவருக்கு முழுமையான விடை கிடைப்பது அரிது. வீட்டை மறு அடமானம் வைத்துக் கடைக்கு முதலீடு செய்த குடும்பத்துக்கு, அந்த விடையின் குறைபாடு வீட்டையே விலையாகக் கேட்கக்கூடியது.

நிச்சயமின்மை ஒத்தொழுகலை வளர்க்கும் என்ற கருத்தும் இங்கே பொருந்துகின்றது. பலசரக்குக் கடை, நகைமாடம், புடைவைக் கடை, எடுத்துச் செல்லும் உணவகம், ஒளிப்பட நிலையம் ஆகியவை ஸ்காபரோவின் கடைத்தொகுதிகளில் அடுத்தடுத்துப் பெருகின. முன்னவர் எந்த உரிமம் பெற்றார், எவ்வளவு வாடகை கொடுத்தார், எந்த மொத்த வணிகரிடம் பொருள் எடுத்தார் என்பவை கேட்டறியக் கூடியவையாக இருந்ததே இதற்குரிய ஒரு காரணம். எவரும் தொடங்காத தொழிலைப் பற்றிக் கேட்பதற்கு ஊரில் ஆளில்லை. அயலவரைப் பின்பற்றியவர் போட்டியை விலையாகக் கொடுத்து அறிவைப் பெற்றார் எனலாம்.

6. அச்சேறிய அறிவு

இடைநின்றோரை ஒருவர் கண்டடைந்த வழி பெரும்பாலும் அச்சுவழி. பலசரக்குக் கடை வாசலில் இலவசமாகக் கிடைத்த தமிழ் வாரப் பத்திரிகைகளும், 'தமிழர் மத்தியில்' போன்ற வணிகக் கையேடுகளும், பின்னர் வந்த தமிழ் வானொலிகளும் விளம்பரத்தால் வாழ்ந்தவை. இதழியல் வரலாற்றில் விளம்பரம் ஒரு குறையாகவே கருதப்படுவது வழக்கம். தொழில் வரலாற்றில் அதன் இடம் வேறு. கையேட்டில் எந்தத் துறையில் எத்தனை பெயர்கள் உள்ளன என்பதே புதிதாகத் தொடங்குவோருக்குச் சந்தை ஆய்வாயிற்று. முகவரிகள் டவுன்ரவுணிலிருந்து ஸ்காபரோவுக்கும், அங்கிருந்து மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ் ஆகிய இடங்களுக்கும் நகர்வதை அவற்றிலிருந்து கண்டறிய முடிந்தது.

அச்சுப்பக்கம் கேட்பவரைத் திருப்பிக் கேட்பதில்லை. அவரது பெயரையோ குடிவரவு நிலையையோ ஊரையோ அது வினவாது. ஊர்ச் சங்கங்களின் வலையில் ஊரோடு சாதியும் குடும்பமும் பின்னியிருந்தன. அவ்வலைக்குள் எளிதில் நுழைய முடியாதோருக்குக் கையேடு ஒரு பொதுவழியாக விளங்கியது.

அப்பொதுவழியும் எட்டாதவர்கள் இருந்தனர். வீட்டுச் சமையலறையில் பலகாரம் செய்து விற்ற பெண்கள் அவர்களுட் குறிப்பிடத்தக்கோர். பரிசோதிக்கப்படாத வீட்டுச் சமையலறையில் சமைத்து விற்பதற்கு அக்காலச் சுகாதார விதிகள் இடம் தரவில்லை. என்ன செய்தால் அனுமதி கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்பதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாகும். தொலைபேசி எண்ணை விளம்பரப்படுத்துவதும் அவ்வாறே. ஆகவே அவர்களின் சந்தை திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் ஆகியவற்றில் வாய்மொழியாகப் பரவிய அளவோடு நின்றது. ஆபத்துக் குறைந்த சில உணவுகளை வீட்டில் தயாரித்து விற்போருக்கு ஒன்ராறியோ விதிகளைத் தளர்த்தியது 2020இல். அதுவரை அவர்களின் தொழில் பெரிதாகாமைக்கு ஊக்கமின்மையைக் காரணமாகக் கூற இயலாது. கேட்பதற்குப் பாதுகாப்பான இடம் அவர்களுக்கு இருக்கவில்லை.

உணவகங்களின் நிலை இதற்கு மாறாக வளர்ந்தது. 2001இல் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பகுதி 'டைன்சேவ்' திட்டத்தைத் தொடங்கி, பரிசோதனை முடிவைப் பச்சை, மஞ்சள், சிவப்பு அறிவித்தல்களாக வாசலில் ஒட்டச் செய்தது. பரிசோதகர் எதைப் பார்ப்பார் என்பது அதன் பின் இரகசியமன்று. வாடிக்கையாளரும் அயற்கடைக்காரரும் படிக்கும் பொதுச்செய்தி. விதி வெளிப்படையாகும்போது அறிவைத் தேடும் செலவு குறைகின்றது. இடைநின்றோரின் தேவையும் குறைகின்றது.

7. உண்டியலிலிருந்து பதிவேட்டுக்கு

இம்மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும் தொழில் பணம் அனுப்பும் தொழில். போர்க்காலத்தில் வங்கிகள் சீராக இயங்காத ஊர்களுக்குப் பணம் சேர்ப்பிக்க 'உண்டியல்' எனப்பட்ட முறை பயன்பட்டது. ரொறன்ரோவில் ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால், அவருடைய தொடர்பாளர் ஊரில் ரூபாயை ஒப்படைப்பார். இத்தொழிலைத் தொடங்கியவருக்கு வேண்டிய அறிவு மூன்று வகையினது: நாணய மாற்று விலை, ஊரில் நம்பத்தக்க ஆள், பாதைகளின் அன்றைய நிலை. மூன்றும் உறவு வலையில் மட்டுமே கிடைத்தன.

2000இல் இயற்றப்பட்ட குற்றவழிப் பணச் சலவைக்கு எதிரான சட்டம் 'பின்ட்ராக்' எனப்படும் கண்காணிப்பு மையத்தை உருவாக்கியது. 2001 செப்டெம்பர் நிகழ்வுகளின் பின் அச்சட்டம் பயங்கரவாத நிதியளிப்பையும் உள்ளடக்கியது. 10,000 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கல்களை அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2006 ஏப்ரலில் கனேடிய அரசு விடுதலைப் புலிகள் இயக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தபின், இலங்கைக்குப் பணம் அனுப்புதல் வெறும் வணிகச் செயலாக இருக்க முடியாமற் போயிற்று. 2008 யூனிலிருந்து பணச்சேவை நிறுவனங்கள் பின்ட்ராக்கில் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று.

அதன் பின் இத்தொழிலில் நுழைபவர் முதலில் கற்க வேண்டியவை வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்தல், பதிவேடு பேணுதல், ஐயத்துக்குரிய பரிமாற்றத்தை அறிவித்தல் என்பவை. ஊரின் பாதைகளை அறிந்தவரைவிடச் சட்டத்தின் பிரிவுகளை அறிந்தவர் முதன்மை பெற்றார். ஒரே சமூகம், ஒரே தொழில், ஏறத்தாழ ஒரே வாடிக்கையாளர். ஆயினும் அறிவைத் தேடிய இடம் சில ஆண்டுகளில் மாறியது. பண்பாட்டு விளக்கத்தால் இதனை விளக்க முடியாது. சீட்டு இவ்வாறு மாறவில்லை என்பதும் கருதத்தக்கது. ரொறன்ரோவில் சீட்டு பதிவேட்டுக்குள் வராமல், தாச்சியின் நம்பகத்தில் தொடர்ந்தது. அது முறிந்தபோது இழந்தவர்கள் முறையிடத் தயங்கினர். முறையிடுவதும் ஒருவகைக் கேட்டலே.

8. இரு ஒப்பீடுகள்

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாறு இங்கே ஒரு பயனுள்ள எதிர்நிலை. சிங்கப்பூர் மார்க்கெட் வீதியின் கிட்டங்கிகளில் பல நிறுவனங்களின் முகவர் ஒரே கூடத்தில் தத்தம் பெட்டியடியில் அமர்ந்து தொழில் செய்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாகி உயரும்போது கணக்கும் ஐந்தொகையும் கடன்பெறுவோர் பற்றிய மதிப்பீடும் கற்றுத் தேர்ந்தார். குடியேற்ற அரசு வணிகக் கடனுக்கு அளித்த சட்டப் பாதுகாப்பின் நிழலில் அச்சமூகம் தன் அறிவு நிறுவனத்தைத் தானே வைத்திருந்தது. ரொறன்ரோத் தமிழருக்கு அத்தகைய பயிற்சிக் கூடம் இல்லை. அவர்களின் முதல் தலைமுறையினர் பெரும்பாலும் வணிகக் குடும்பத்தினரும் அல்லர்.

ஜேர்மனியில் குடியேறிய தமிழர் எதிர்கொண்டது வேறொரு சூழல். 1953ஆம் ஆண்டின் கைவினைத் தொழிற் சட்டம் பல தொழில்களைத் தனியே நடத்த 'மைஸ்டர்' தகுதியை வேண்டியது. 2004இல் 53 தொழில்களுக்கு அக்கட்டாயம் நீக்கப்பட்டது. அங்கே தொழிலறிவு சான்றிதழுக்குரிய முறைசார் பயிற்சியில் குவிந்திருந்தது. ஒன்ராறியோவில் சிறுவணிகத்தின் வாயில் அகன்றதாகவும், வாயிலைக் கடந்தபின் விதிகள் பலவாகவும் இருந்தன. நுழைவது எளிது, நிலைப்பது கடினம் என்ற அந்த அமைப்பே இடைநின்றோரை இங்கு இன்றியமையாதவராக்கியது.

9. முடிவுரை

கனடாவில் வளர்ந்த தலைமுறையினர் மார்ஸ் ஆய்வு வளாகம், 2010இல் ரயர்சன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எண்ணிம ஊடக வலயம் போன்ற தொழில் வளர்ப்பகங்களை நாடக்கூடியவராயினர். முன்பின் அறியாதவரிடம் தம் திட்டத்தை விரித்துரைத்து அறிவுரை கேட்பது அங்கே வழமை. இதனைத் தலைமுறை மனமாற்றம் என்று மட்டும் கூறுதல் போதாது. குடியுரிமையும் ஆங்கிலமும் கனேடியப் பட்டமும் உடையவருக்குக் கேட்பதால் இழப்பதற்கு எதுவும் இல்லை. அவர்களின் பெற்றோருக்கு இருந்தது.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது கொள்கை பற்றியது. குடியேறியோரின் தொழிலை வளர்க்க விரும்பும் அரசு கைந்நூல்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. விதியைக் கற்பிக்கும் அலுவலரையும் தண்டிக்கும் அலுவலரையும் பிரித்து வைத்தல் வேண்டும். இரண்டாவது வரலாற்று மூலங்கள் பற்றியது. இம்முப்பது ஆண்டுகளின் அறிவுத் தேடல் அரசு ஆவணங்களில் சிறிதளவே பதிந்துள்ளது. அதன் தடயம் வணிகக் கையேடுகளிலும், இலவச வாரப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களிலும், கடைத் திறப்புவிழா அழைப்பிதழ்களிலும், சங்கங்களின் ஆண்டு மலர்களிலும் இருக்கின்றது. அவற்றை இலக்கிய இதழ்களுக்கு இணையாக ஆய்வு நூலகங்கள் திரட்டிப் பேண வேண்டும். புதிய பதிப்பு வந்ததும் பழையதை வீசிவிடுவதே கையேட்டைப் பயன்படுத்துவோரின் வழக்கமாதலால், இப்பணி தாழ்த்தக்கூடியதன்று.